ஒரு கூடு குறைகிறது

பழைய துப்பாக்கிக்கு இடுப்பு இருந்தது.
இரண்டு சுட்டதும் கட்டைவிரல் நெம்பைத் தள்ள
அது நடுவில் ஒடிந்து தொங்கும்.
கந்தக வாசத்தோடு இரண்டு கூடுகள்
உள்ளங்கைக்கு வரும்.
சில்லறை வாங்குவதுபோல வாங்கிப்
பைக்குள் போட்டுக்கொள்வேன்.
பதினோரு வருடம்.

தோளில் அறுவை முடிந்து
நான்கு மாதம் ரப்பர் பட்டை இழுத்த பின்
சிகிச்சையாளர் சொன்னார்:
சுடலாம், உதை குறைவானதாகப் பாருங்கள்.

அப்படி வந்தது இது.
பாதித் தானியங்கி, ஒற்றைக் குழல்,
முன்பக்கம் கனத்த கறுப்பு.
ஆயுத அறையில் கையெழுத்துப் போட்டு
பிறத்தியார் பிள்ளையைத் தூக்குவதுபோலத்
தூக்கி வந்தேன்.

சுவா சூ காங்கில்
ஒன்பது மணிக்கே காற்று ஈரத்துணி.
தெங்கா பக்கமிருந்து ஒரு போர் விமானம்
வானத்தை நீளவாக்கில் கிழித்துப் போகிறது.
அது போகட்டும் என்று நின்று
"புல்!" என்கிறேன்.

இழு என்று பொருள், தெரியும்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
நான் புல்லைக் கூப்பிடுவதாகவே என் காதுக்குக் கேட்கிறது.
கூப்பிட்டால் வருவது ஆரஞ்சுத் தட்டு.
களிமண் என்று பேர்,
உடைந்த துண்டைப் பார்த்தால் தாரும் சுண்ணாம்பும்.
இங்கே எதுவும் சொன்ன பேரில் இல்லை.

முதல் தட்டு தூள்.
இரண்டாவது தட்டு
மரங்களுக்கு மேலே நிதானமாகப் போய்
முழுசாகப் புல்லில் இறங்கியது.

நான் உதைக்குக் காத்திருந்தேன்.
பல்லைக் கடித்து,
கன்னத்தைக் கட்டையில் அழுத்தி,
வராத அடியைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.
வந்தது ஒரு தள்ளல்தான்,
பேருந்தில் பின்னால் நிற்பவர்
கொஞ்சம் உள்ளே போங்க என்பதுபோல.
அதற்குள் உள்ளே ஏதோ
பின்னே ஓடி, முன்னே வந்து,
அடுத்த தோட்டாவை ஏற்றி வைத்துவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டைவிரல் நெம்பைத் தேடியது.
வழவழப்பான இரும்பு.
மறுபடி தேடியது.
இல்லையென்று தெரிந்தும் மறுபடி.

"கொடி," என்றார் இயோ பின்னாலிருந்து.
ஒடிந்த துப்பாக்கியை எட்ட நின்றே நம்பலாம்.
இது முழுசாகவே இருக்கும்,
விலாவில் உள்ள வாயைத் திறந்து
கொடி செருகிக் காட்ட வேண்டும்,
காலி, காலி என்று.

நான்காம் நிலையில் தொண்டை அடைத்தது.
பாதி வெளியே வந்த கூட்டைக்
கவ்விக்கொண்டு நின்றது.
"லேசான தோட்டா போட்டா இதுக்குப் பத்தாது,"
என்றார் ரோஸ்மான், மலாயும் தமிழுமாக.
"பட்டினி போட்டா அழும் லா."
நகம் ஒடியப் பிடுங்கினேன்.
எண்ணெயும் கரியும் விரல் ரேகையில்.

ஏழாம் நிலையில் ஒரு சோடி உடைந்தது.
டப், டப்.
எப்படியென்று கேட்காதீர்கள்.
அந்தத் தடவை நான் எதற்கும் காத்திருக்கவில்லை,
அவ்வளவுதான் நினைவு.

சுட்டு முடிந்ததும் குனிந்து பொறுக்கினேன்.
இது கையில் தராது,
வலது பக்கம் வீசியெறியும்.
சிவப்புக் கூடுகள் காலடியில், கம்பியோரம்,
எறும்பு ஊரும் வடிகாலில்.
இயோ எண்ணினார்.
இருபத்து நான்கு.
மறுபடி எண்ணினார்.
இருபத்து நான்கு.

ஒரு கூடு குறைந்தால்
இவர் மதியச் சாப்பாட்டுக்குப் போக மாட்டார்.
மூன்று பேர் முட்டி போட்டோம்.
நான் கூப்பிட்ட புல்லையெல்லாம்
கையால் விலக்கிப் பார்த்தேன்.
ஆரஞ்சுச் சில்லுகள், ஒரு நத்தை,
யாரோ தவறவிட்ட காதடைப்பான்.

மழை பிடித்தது.
கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்த குடையை
ரோஸ்மான் எடுத்து விரித்தார்.
அவர் தலையில் பட்டு,
தோளில் பட்டு,
சிமெண்டில் உருண்டது
இருபத்தைந்து.

இயோ சிரிக்கவில்லை. டிக் போட்டார்.
கூடுகள் சரி.

அதே தாளில்
இடமில்லாமல் விமலேஸ் என்று நின்றுபோன
என் பேருக்கு நேரே
பதினொன்று.
மீதிப் பதினான்கை
யாரும் தேடவில்லை.